கல் என்றால் நாளை

ஜப்பான்காரன் காலத்தில், ஒரே ஒரு வரி பொய் சொல்லி ஒரு மனிதரை வடக்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன். அதற்குக் கூலியாக எனக்குச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ள ஒரு துணிப்பட்டை கிடைத்தது. இதை எழுத உட்கார்ந்ததிலிருந்து பலமுறை எழுந்துவிட்டேன். ஜன்னலைச் சாத்துகிறேன், திறக்கிறேன், மறுபடி சாத்துகிறேன். இன்றைக்காவது முடித்துவிட வேண்டும்.

குளுவாங்குக்கு வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் முகாம் இருந்தது. இந்தியாவை மீட்கப் போகிறோம் என்று சொல்லித் திரட்டிய படை. உண்மையாகவே அந்த எண்ணத்தோடு வந்தவர்கள் இருந்தார்கள். வேளைக்கு மரவள்ளிக் கிழங்காவது கிடைக்குமே என்று வந்தவர்களும் இருந்தார்கள். சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வந்தவர்களில் நானும் ஒருவன். அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுபவர். டவுன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவன் நான், முகாமுக்கு வந்ததும் இந்துஸ்தானியையும் பிடித்துக்கொண்டேன். பரீட்சை எழுதத் தெரியும். உடம்பு அதற்கு மேல் எதற்கும் வராது.

நான் ரயிலேற்றிய அந்த மனிதர் லாயாங் லாயாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் என்னைத் தம்பி என்பார், ஆனாலும் கிராணி மகன் என்பதால் 'நீங்க' போட்டுத்தான் பேசுவார். அவர் மனைவி தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார். தலைப்பிரசவம், மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை அணிவகுப்பில் அறிவித்தார்கள். எங்கள் பிரிவில் லான்ஸ் நாயக் இடம் இரண்டு காலி. சிப்பாய்க்கு மேலே முதல் படி அதுதான். பட்டை கிடைத்தவர்கள் புதிய ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்க முகாமிலேயே தங்குவார்கள். மற்ற எல்லோரும் அடுத்த ரயிலில் வடக்கே, பர்மா பக்கம். அதற்கு இரண்டு தேர்வு. மணல் மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு செம்மண் சாலையில் ஓடிப் போய்த் திரும்ப வேண்டும். பிறகு, ஆங்கில எழுத்தில் அச்சடித்த இந்துஸ்தானியை வாசித்து, அதிகாரி கேட்பதற்கு அந்த மொழியிலேயே பதில் சொல்ல வேண்டும்.

அவருக்கு ஓட்டம் ஒரு பொருட்டே இல்லை, எழுத்துதான் தெரியாது. எனக்கு அது அப்படியே தலைகீழ். அன்று மாலையே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்க எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்க. நான் ஒங்கள ஓட வக்கிறேன். ரெண்டு பேரும் இங்கயே கெடப்போம்."

காலையில் நான் அவர் மாணவன். மாலையில் அவர் என் மாணவர். ஓடும்போது என் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு முன்னால் போவார். நான் ஏதாவது சொல்லிப் புலம்பினால், "பேச்ச நிறுத்திட்டு மூச்ச வுடுங்க, கிராணி வீட்டுச் சோறு கரையட்டும்" என்பார். மாலையில் மரத்தடியில் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டுவேன். ஆங்கில 'வி' எழுத்தைப் பார்த்ததும் சிரித்தார். மரப்பட்டையில் இத்தனை வருடம் இதைத்தானே வெட்டினேன் என்றார். இந்துஸ்தானிச் சொற்களைத் தமிழோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வார். 'பாயே' என்றால் இடது, பாயை இடது பக்கம் விரி. 'தம்' என்றால் நில், தம் கட்டி நில். பக்கத்தில் இருப்பவர்கள் கேலி செய்வார்கள். அவர் விடமாட்டார். சொல்லப்போனால், நான் பார்த்த மாணவர்களில் அவர்போல வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் குறைவு.

'கல்' என்ற சொல் வந்தது. தமிழில் கல் கல்தான். இந்துஸ்தானியில் அதற்கு நாளை என்றும் பொருள், நேற்று என்றும் பொருள். வாக்கியத்தின் முடிவைப் பார்த்துத்தான் எது என்று தெரியும். பாடத்தில் நாளை என்ற பொருளில் வந்திருந்தது, அதை மட்டும் சொன்னேன். நேற்றுக்கு என்ன என்று கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். அதுவரை என் மனதில் கெடுதல் இல்லை.

தேர்வுக்குச் சில நாள் முன்னால், காலியிடம் இரண்டல்ல, ஒன்றுதான் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். அவரும் கவலைப்பட்டார், ஆனால் பாடத்தை நிறுத்தவில்லை, ஓட்டத்தையும் நிறுத்தவில்லை. யாருக்கு எழுதியிருக்கோ அவருக்கு என்றார். மறுபடியும் நேற்றுக்கு என்ன சொல் என்று கேட்டார். "அதெல்லாம் கேக்க மாட்டாங்கண்ணே" என்றேன். கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

தேர்வு நாள் காலையில் ஓட்டம். திரும்பி வரும் வழியில் மேடு ஒன்று உண்டு. அங்கே எனக்குக் கண் இருட்டியது. அவர் பின்தங்கி வந்து, என் மூட்டையின் அடியில் கை கொடுத்து மேடு முடியும்வரை தாங்கிக்கொண்டே ஓடினார். அந்தக் கை இல்லையென்றால் நான் அங்கேயே விழுந்திருப்பேன். இருவரும் தேறினோம்.

வெயில் ஏறியதும் வாசிப்பு. மேசைக்குப் பின்னால் வடநாட்டு அதிகாரி. மேசைக்கு முன்னால் முதலில் அண்ணன் நின்றார், அடுத்தவனாக நான் சற்றுத் தள்ளி நின்றேன். பக்கத்தைப் பிழையில்லாமல் வாசித்தார். அதிகாரி தலையாட்டிவிட்டு, "கல் தும் கஹான் தே?" என்று கேட்டார். நேற்று எங்கே இருந்தாய் என்பது கேள்வி. அவர் காதில் அது நாளை எங்கே என்று விழுந்தது. மறுநாள் மனைவியைப் பார்த்து வர அவருக்கு ஒருநாள் லீவு தந்திருந்தார்கள். முகம் மலர்ந்து பதில் சொன்னார்.

"லாயாங் லாயாங், சாப். மேரா கர்."

என் வீடு என்றார். அதிகாரியின் முகம் மாறியது. முந்தின நாள் எங்களைக் காட்டுக்கு விறகு வெட்ட அனுப்பியிருந்தார்கள். அங்கே யாரும் ஆள் கணக்கு எடுக்கவில்லை. அந்தச் சமயத்தில் முகாமிலிருந்து ஆட்கள் ஓடிப்போவதும் நடந்துகொண்டிருந்தது. நேற்றா என்று அதிகாரி மறுபடி அழுத்திக் கேட்டார். அதே 'கல்'தான். அவர் ஆமாம் ஆமாம் என்று சிரித்தார், வெட்கத்தோடு 'பீவி' என்றும் சேர்த்துக்கொண்டார். மனைவி.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். தமிழும் இந்துஸ்தானியும் தெரிந்தவன் நான் என்று அவருக்குத் தெரியும். இவன் நேற்று வீட்டுக்குப் போனதாகத்தானே சொல்கிறான் என்று கேட்டார். நேற்று முழுவதும் அவர் என்னோடுதான் விறகு வெட்டினார். ஒரே மரத்தின் இரண்டு பக்கம் நின்றோம். "நாளைக்குப் போவதைச் சொல்கிறார்" என்றால் முடிந்தது.

ஆமாம் சாப், அப்படித்தான் சொல்கிறார் என்றேன்.

அவருடைய லீவு ரத்தானது, இருந்த ஒரே பட்டை எனக்கு வந்தது. வெளியே வந்து என்ன தப்பு தம்பி என்று கேட்டார். ஏதோ சொல் பிசகிவிட்டது என்றேன். "என் மண்டையில ஏறல, நீங்க என்னா செய்வீங்க" என்று என்னையே தேற்றினார். சில நாளில் ரயில் வந்தது. வண்டியில் ஏறும்போது ஒரே ஒரு காரியம் கேட்டார்: லாயாங் லாயாங் போய் அவர் மனைவியைப் பார்த்து, தான் நன்றாக இருப்பதாகச் சொல்ல வேண்டும். சரி என்றேன். வண்டி அவர் ஊருக்கு எதிர்த் திசையில் புறப்பட்டது. பட்டையைத் தைத்துக்கொண்டு முகாமில் இருந்த காலம் முழுவதும் நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பள்ளிக்கூடங்கள் திறந்தன. எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லுக்குப் பொருள் கேட்டால்கூட எழுந்துவிடுவேன். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்த முடியாமல் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருப்பேன். அவர் உயிரோடு திரும்பிவிட்டார், பழைய தோட்டத்தில்தான் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷப்பட்டேன். அப்போதும் உடனே போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன்.

லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றின் வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதி உடம்புதான் மிச்சம், ஒரு கால் சரியாக மடங்கவில்லை. மனைவி பக்கத்தில் நின்றார். எழுத்து சொல்லிக் கொடுத்த தம்பி என்று அறிமுகம் செய்து, காப்பி போடச் சொன்னார். பிள்ளை எங்கே என்று கேட்டுவிட்டேன். பெண் பிள்ளை பிறந்து, நடக்க ஆரம்பித்து, காய்ச்சலில் போய்விட்டதாம். அவர் திரும்பி வருவதற்கு முன்பே. அவர் அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காப்பி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், 'கல்'லையும், மேசைக்கு முன்னால் நான் சொன்னதையும், அவர் கேட்டும் இங்கே வராமல் இருந்ததையும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சேனா?"

ஆமாம் என்றேன், ஒரு பிழையும் இல்லை என்றேன்.

"மூளையில்லன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் வேல தரேன்னாங்க, பேர் எழுதத் தெரியாதவனுக்கு எதுக்குன்னு வேணாம்னுட்டேன்." பிறகு, "பாப்பா எப்படி இருந்துச்சின்னு பாத்து வச்சிருந்து இப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, தம்பி" என்றார்.

அவர் மனைவி காப்பிக் குவளையோடு வாசற்படியில் நின்றிருந்தார். அதை என்னிடம் கொடுக்கவில்லை.

"போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. போங்க."

போனேன். ஆனால் அடுத்த மாதம் தோட்டத்து மானேஜரிடம் அனுமதி வாங்கி, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பெரியவர்களுக்கு ஞாயிறுதோறும் தமிழ் எழுத்து வகுப்பு தொடங்கினேன். அவருக்காகத்தான் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். பல ஞாயிறுகள் அவர் வரவில்லை. அவர் மனைவி ஒருமுறை வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனார். ஒருநாள் அவரே சிலேட்டோடு வந்து கடைசி வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்தார். வணக்கம் இல்லை, தம்பி இல்லை. நான் எழுதியதைப் பார்த்து எழுதினார்.

அதன் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் எனக்கு இன்னொன்று சொன்னார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை முடிந்ததும் அவர் சிலேட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாராம். முந்தின நாள் நான் சொல்லிக்கொடுத்த சொற்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இதற்கு இதுதான் பொருளா, வேறு பொருள் ஏதாவது உண்டா என்று கேட்பாராம். சரி என்று டிரசர் சொன்ன பிறகுதான் மனதில் போட்டுக்கொள்வாராம். வாத்தியார் சொல்வதில் என்ன சந்தேகம் என்று டிரசர் ஒருமுறை சிரித்தாராம், அவர் அடுத்த சொல்லைக் காட்டினாராம். உங்களுக்கு இது சங்கடமாக இருந்தால் நான் அவரிடம் பேசிப் பார்க்கட்டுமா என்று டிரசர் என்னிடம் கேட்டார். வேண்டாம், அவர் கேட்கும்போதெல்லாம் பொறுமையாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் படிக்கக் கற்றுக்கொண்டார். செய்தித்தாள் வாசித்தார். மண்டோர் வேலையை இரண்டாம் முறை தந்தபோது ஏற்றுக்கொண்டார். நான் மாற்றலாகி வரும்வரை அந்த வகுப்பை நடத்தினேன். கடைசித் திங்கட்கிழமையும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.