ஒரே குடும்பமான கம்பனி

குடும்பங்களைச் சேர்த்து வைப்பது பத்மாதேவியின் தொழில். கேட்டாலே அவளுக்கு எரிச்சல் வரும் சொல்லும் குடும்பம்தான். கண்டிக் கட்டுக்கலையில் ஒரு தேவாலயம் நடத்திய ஆலோசனை நிலையத்தில், காற்றுப் புகாத சின்ன அறை ஒன்றில் இருந்துகொண்டு, இருபது வருஷமாகப் புருஷன் பெண்சாதி சண்டைகளைக் கேட்டவள். நெற்றியில் திருநீற்றோடு போய் வருவாள். ஃபாதர் அதைக் கண்டும் காணாதவர் போல் இருந்துவிடுவார்.

அவளுடைய சொந்தக் குடும்பம் எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் உடைந்தது. வீட்டை எரித்தவர்கள் போன பிறகு, பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் குசினியில் ஒளிந்திருந்த புருஷன் வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை கனடா. போனதும் கூப்பிடுகிறேன் என்றார். அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்ற செய்திதான் வந்தது. பத்மாதேவி அழுதாள், பிறகு தேவாலயம் நடத்திய ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தாள். மற்றவர்களின் புருஷன்மார் எப்படிப் புளுகுகிறார்கள் என்று பார்க்கும் ஆசை அதில் பாதி என்று அவளே சொல்லுவாள்.

இரண்டாயிரத்து ஏழில் யோகேந்திரன் என்பவன் அவளைத் தேடி வந்தான். மெல்பேர்னிலிருந்து திரும்பி, பேராதனை வீதியில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில் மென்பொருள் கம்பனி நடத்திக்கொண்டிருந்தவன். யுத்தம் நடக்கிற நாட்டுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் தேசப்பற்று என்பான். இங்கே ஆட்கள் மலிவு என்பதை மட்டும் விழுங்கிவிடுவான்.

“அக்கா, எங்கட ஒஃபிஸ் ஒரே குடும்பம்” என்று தொடங்கினான். “ஆனா ஒரு பிள்ளை சரியில்லை. குடும்பங்களுக்குச் செய்யிற கவுன்சிலிங்கை வெளிநாட்டில இப்ப டீமுகளுக்கும் செய்யினம். நீங்கள் மூண்டு தரம் வந்து கதைச்சுப் பாத்திட்டு, அவன் சரிவரமாட்டான் எண்டு சொன்னா, எனக்கு அவனை வேலையால நிப்பாட்டிறது லேசு.”

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து இதைத் திருத்தித் தாருங்கள் என்று கதிரையில் சாய்ந்துகொள்ளும் தகப்பன்மாரை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். இவன் பிள்ளையைக் கூட்டி வரவுமில்லை, திருத்தச் சொல்லவுமில்லை.

“ஓம், வாறன். கதைச்சுப் பாக்கிறது என்ர வேலை. நிப்பாட்டிறது உம்மட வேலை” என்றாள்.

சரியில்லாத பிள்ளையின் பெயர் சேதுராமன். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை ஏறி வந்தவன். எதைக் கொடுத்தாலும் முடியும் என்று தலையாட்டுவான், குறித்த நாளில் முடித்திருக்க மாட்டான், பிழை வந்தால் மறைப்பான். இதுதான் குற்றப்பத்திரிகை. அந்த வருஷம் தமிழ்ப் பொடியனை ரோட்டில் மறித்தால் எங்கே இருக்கிறாய், எங்கே வேலை என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை இல்லாதவன் பொலிஸ் ஜீப்பில் ஏற வேண்டியதுதான். சேதுராமனை ஒருமுறை குட்ஷெட் பஸ் நிலையத்தில் பிடித்துக்கொண்டு போய், கம்பனிக்கு ஃபோன் பண்ணிக் கேட்ட பிறகுதான் விட்டார்கள். வேலை போனால் தங்கியிருக்கும் அறையும் போகும், ரோட்டில் நடக்கிற தைரியமும் போகும்.

முதல் நாள் பத்மாதேவி மேசையை ஓரந்தள்ளிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போடச் சொன்னாள். யோகேந்திரன் தன் சில்லு வைத்த பெரிய கதிரையை உருட்டிக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்தான். மற்றவர்கள் மூன்று பேர். டீமுக்குத் தலைவன் நுவன், கண்டியில் பிறந்து வளர்ந்த சிங்களப் பொடியன். புரோகிராம்களில் பிழை பார்க்கிறவள் வத்தேகமவிலிருந்து வரும் ரபீகா. மூன்றாவது, கதிரை நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த சேதுராமன்.

சண்டைக்காரரிடம் நேரே கேட்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பது அவள் வழக்கம். “சேது ஒரு பிழை விட்டா முதல்ல ஆருக்குக் கோபம் வரும்?” என்று ரபீகாவைக் கேட்டாள்.

“நுவனுக்கு. பொறகு ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க.”

நுவனுக்கு மனம் தாங்கவில்லை. சிங்களத்தில் பொரிந்தான். “நான் இவனை மல்லி என்று கூப்பிடுகிறேன், என் சொந்தத் தம்பியைப் போல. இவனும் என்னை வாய்க்கு வாய் அய்யா என்கிறான். அண்ணனிடம் ஒரு தம்பி இப்படி மறைப்பானா?”

பத்மாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். அவள் சேதுராமன் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, நீர் என்னெண்டு நினைச்சு இவரை ஐயா எண்டுறீர்?”

“ஐயான்னா ஐயாதாங்க. எங்க அப்பா தோட்டத்துல கணக்கப்பிள்ளைய அப்படித்தான் கூப்பிடுவாரு.”

“அப்பா எப்பவாவது அந்த ஐயாவுக்கு ஏலாது எண்டு சொன்னவரோ?”

“சொன்னா அன்னிக்கு அரப்பேருதாங்க போடுவாங்க. பாதி நாள் கூலிதான் கெடைக்கும்.”

அவள் அதைச் சிங்களத்தில் நுவனுக்குச் சொன்னாள். அவன் முகம் சிவந்துபோயிற்று. ஒரே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, இரண்டு வருஷம் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, இயந்திரத்தோடு வகைவகையான மொழிகளில் பேசிய மேதைகள். ஒருவன் அண்ணன் என்று கேட்டதை மற்றவன் எசமான் என்று சொல்லிக்கொண்டிருந்தது இருவருக்கும் தெரியவில்லை. இந்த நாடு ஏன் பற்றி எரிகிறது என்று ஆராய்ச்சி வேறு நடத்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இனி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றான் நுவன். சேதுராமனுக்கு அது தொண்டையைத் தாண்டி வரவே அந்தக் கிழமை முழுக்கப் பிடித்தது.

இரண்டாம் நாள், வேலை முடிய வேண்டிய திகதியை யார் குறிக்கிறார்கள் என்று கேட்டாள். வெளிநாட்டிலிருந்து வேலை கொடுக்கும் வெள்ளைக்காரனுக்கு வாக்குக் கொடுப்பது யோகேந்திரன். முடியாது என்று தெரிந்தும் அவனிடம் சரி என்பது நுவன். அதை அப்படியே சேதுராமனின் தலையில் இறக்குவதும் நுவன்தான். தாயும் தகப்பனும் தங்களுக்குள் பிடிக்க வேண்டிய சண்டையைப் பிள்ளையின் முதுகில் பிடிக்கிற அதே பழைய கூத்து.

“இப்ப நுவனைப் பாத்து உண்மையைச் சொல்லும்” என்றாள்.

சேதுராமன் நுவன் பக்கம் திரும்பினான். “நுவன், அந்தத் தேதிக்கு முடியாது.”

நுவன் யோகேந்திரனிடம் அதையே சொன்னான். யோகேந்திரன் கை தட்டினான். “இப்பிடித்தான் குடும்பம் மனம்விட்டுக் கதைக்க வேணும்!” பத்மாதேவிக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் யோகேந்திரன் அவளைத் தன் அறைக்குள் கூப்பிட்டான். “அக்கா, பொடியன் போகட்டும். இப்ப வாயும் வந்திட்டுது. நீங்களே பக்குவமாச் சொல்லிவிடுங்கோ. உங்களுக்கு அது கைவந்த கலைதானே.”

எதிர்த்துப் பேசிய பிள்ளைக்கு வீட்டில் அறை விழும், சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள். அந்த வித்தியாசத்தை யோசிக்காமல், குடும்பம் என்று இவன் சொன்னதை நம்பி, வாய் திறக்கப் பயந்த பொடியனை வாய் திறக்க வைத்துவிட்டாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“மாட்டன். எனக்குச் சொல்லாதையும், அவனுக்கு முகத்துக்கு நேர சொல்லும்” என்றாள். எத்தனையோ புருஷன்மாரிடம் சொல்லிச் சொல்லிப் புளித்த வசனம்தான்.

வட்டமாக உட்கார்ந்தார்கள். “யோகேந்திரன் சேதுவுக்கு ஒண்டு சொல்ல வேணுமாம்” என்று தொடங்கி வைத்துவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சேதுராமனுக்கு விளங்கிவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். நுவன் தன் கதிரையை அவன் பக்கம் இழுத்துப் போட்டான். ரபீகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“சேது... நாங்கள் எல்லாரும்...” யோகேந்திரன் சுவரைப் பார்த்தான், யன்னலைப் பார்த்தான், கடைசியாகப் பத்மாதேவியைப் பார்த்தான்.

“என்னைப் பாக்காதையும். அவனைப் பாரும்.”

பார்த்தான். கீழே புடவைக்கடையில் யாரோ விலை பேசுகிற சத்தம் கேட்டது.

“வந்து... திங்கட்கிழமை பிந்தி வராதை” என்றான் யோகேந்திரன். “நேரத்துக்கு வரவேணும், என்ன?”

“சரிங்க” என்றான் சேதுராமன்.

யோகேந்திரன் கதிரையை உருட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். இரக்கம் வந்து அவன் மனம் மாறவில்லை என்பது பத்மாதேவிக்கு நன்றாகத் தெரியும். கெட்ட சேதி சொல்ல அவனுக்கு எப்போதும் ஓர் ஆள் தேவை. இன்றைக்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அவளை அந்தக் கம்பனி பிறகு கூப்பிடவேயில்லை.

படியிறங்கி வந்தாள். ரோட்டில் பொலிஸ்காரர் ஒரு பஸ்ஸை மறித்து, தமிழ்ப் பொடியன்களை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது அவளுக்கு. ஒரு பிள்ளை இந்த வரிசையில் நின்று எங்கே வேலை என்பதற்குப் பதில் சொல்லக்கூடியதாக இருப்பது ஒரு பெரிய மனுஷனுக்கு முதுகெலும்பு இல்லாதபடியால்தான் என்று நினைத்தபோது, வயிறும் எரிந்தது.