வெல்லத்துக்கு விலக்கு

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைக்கோடு எங்கே விழும் என்று இன்னும் இழுபறியாக இருந்த காலம். ஆந்திராப் பக்கம் சேர்ந்திருந்த குடிபாலாவில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு நிலமும், வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்றும் இருந்தன. எனக்கு வேலூரில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தமிழில் படித்தவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? அந்த இடத்தை விட்டால் எனக்கு அடுப்படிதான்.

அந்த நேரம் பார்த்து நைனா, என் அப்பா, நோயில் படுத்துக்கொண்டார். ஓயாத தாகம், கால் எரிச்சல், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவது. சித்தூர் டாக்டர் தெலுங்குக்காரர். சிறுநீரை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். அது செங்கல் நிறமாயிற்று; சர்க்கரை வியாதி என்று அர்த்தம். "சக்கெர மானெய்யாலி," என்றார். சர்க்கரையை விட்டுவிட வேண்டுமாம். பிறகு நைனாவை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் பேசி அனுப்பினார்.

"நீ கூட இருந்து பாத்துக்கம்மா. ஒடம்பு தேறட்டும், நானே பஸ் ஏத்தி வுடறேன்," என்றார் நைனா. நம்பினேன். பயிற்சியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டேன்.

அவர் மட்டும் வாயைக் கட்டுவானேன் என்று நானும் இனிப்பை விட்டேன். முதல் சில நாள் தலைவலி, எல்லோர் மேலும் சிடுசிடுப்பு. அப்புறம் மத்தியானத் தூக்கம் போய், உடம்பு லேசாயிற்று. எனக்கே இப்படியென்றால் நைனா சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று கணக்குப் போட்டேன். அவரோ கொட்டகையிலிருந்து வரும்போது குதியாட்டமாக வருவார், திருத்தணி யாருக்கு என்று ஊரையே கூட்டிப் பேசுவார். கொஞ்ச நேரத்தில் துவண்டு படுப்பார். எழுப்பினால் கடிப்பார். நீல மருந்து ஒவ்வொரு தடவையும் செங்கல் நிறமாகவே மாறியது. நான் சோற்றைக் குறைத்துக் களி கிண்டிப் போட்டேன். ஐயோ பாவம் என்று அழுதும் இருக்கிறேன்.

ஒரு நாள் சாப்பாடு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வாழை இலையில் சூடு ஆறாத வெல்லம். அம்மா உடைத்துக் கொடுக்க, நைனா தின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா இது?"

அம்மாதான் பதில் சொன்னாள். "இன்னாத்துக்குக் கத்தற? டாக்டரு சக்கெரதான வேணான்னாரு? இது வெல்லம். ஒனக்குத் தெரிஞ்சா வெல்லத்தையும் புடுங்கிடுவன்னுதான் நைனா சொல்ல வேணான்னாரு."

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியவில்லை. தெலுங்கில் சக்கெர என்றால் கடையில் விற்கும் வெள்ளைச் சர்க்கரை, வெல்லத்துக்குப் பெல்லம் என்று தனிப் பெயர். கடைச் சர்க்கரை விஷம், நம் நிலத்தில் விளைந்தது மருந்து என்று இருவரும் நினைத்துவிட்டார்களே என்று தலையில் அடித்துக்கொண்டேன். நைனா கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். வெல்லமும் கூடாதென்று விளங்கச் சொல்லியிருக்கக் கூடாதா?

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெல்லம் கூடா வத்தனி மீ நான்னகே செப்பானம்மா!" கரும்புக்காரர் என்பதால்தான் தனியாகக் கூப்பிட்டு, வெல்லம், தேன், கரும்புச்சாறு எதுவும் ஆகாது என்று உங்கள் அப்பாவிடமே சொன்னேன் என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே கேட்டேன். அம்மா நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"தேறிட்டா நீ பூடுவியே," என்றார் நைனா, தரையைப் பார்த்துக்கொண்டு. "அந்தாண்ட போனவங்க யாரு திரும்பி வந்துக்கினு கீறாங்க?"

நாக்குக்கு ஆசைப்பட்டுத் தின்றிருந்தால் மன்னித்திருப்பேன். என்னைக் கட்டிப்போட அல்லவா தின்றிருக்கிறார்! அப்போதே பஸ் ஏறி வேலூருக்கு ஓடினேன். இனி ஆந்திராப் பக்கத்துப் பிள்ளைகளை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வெறுங்கையோடு திரும்பி வந்து அதைச் சொன்னேன். நைனா அன்றைக்கே வெல்லத்தை விட்டார். சீக்கிரமே நன்றாகத் தேறியும் விட்டார்.