பத்தாவது தகரம்

ஹெலிகொப்டரில் ஏழு பேர்தான் ஏறலாம் என்று பாடசாலை விமானப் பயிற்சி முகாமின் முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஓர் அணிக்கு எட்டுப் பேர். கடைசிப் பயிற்சியில் முதலாவதாக வரும் அணி மட்டும் மறுநாள் காலையில் பறக்கும். அந்த எட்டுப் பேரில் ஒருத்தி கீழே நிற்க வேண்டும், அது யார் என்பதை அணித்தலைவியே தீர்மானிக்க வேண்டும். தலைமைத்துவப் பயிற்சி என்றால் அப்படித்தானாம். எங்கள் அணித்தலைவி நான். யாரைக் கீழே விடுவது என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அவள் பஜாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள், என்னைவிட ஒரு வயது இளையவள். அணியில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இருவர்தான். மற்ற ஆறு பேரும் சிங்களப் பிள்ளைகள். ஆகவே நானும் அவளும் ஒட்டிக்கொண்டு திரிவோம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கோ அவளைக் கண்டாலே எரிச்சல். சப்பாத்து நாடா கட்ட அவளுக்குப் பத்து நிமிடம் வேண்டும். அட்டை என்று யாராவது சொன்னால் போதும், நின்ற இடத்திலேயே இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பாள். கரவனெல்லப் பக்கத்து ரப்பர் மலையில் ஓகஸ்ட் மாத மழைக்குப் பிறகு அட்டைக்குப் பஞ்சமா? அவள் நடந்த நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். அவளுடைய அம்மா டின் நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தார். அதில் பாதியை நான்தான் தின்றேன், அப்படியும் மனம் இளகவில்லை.

நான் எப்படியாவது அந்த ஹெலிகொப்டரில் ஏறியாக வேண்டியிருந்தது. முகாமிலிருந்து எங்கள் தோட்டம் ஏழெட்டு மைல். ஹெலிகொப்டர் ஆற்றோரமாகப் போய் எங்கள் மலைக்கு மேலாகத்தான் திரும்பும் என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். முகாமுக்குப் புறப்பட்ட அன்று நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், லயம் முழுக்கக் கேட்கும்படி, "வெள்ளிக்கிழம காலையில மேல பாருங்க, நாந்தான் வருவேன், எல்லாரும் கை காட்டணும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அணி வெல்லுமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நான் தலைவியாவேனா என்பதுகூட அப்போது தெரியாது. வாய் அந்த மாதிரி.

அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். அவர் அதை அப்படியே நம்பினார். "பத்து மணிக்குள்ள வந்துரு. அப்பறம்னா நாங்க பாலத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்குப் போயிருவோம்" என்றார், என்னமோ ஹெலிகொப்டர் என் சொல் கேட்டுப் பறக்கிற மாதிரி.

அது போரை நிறுத்திவைத்துச் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். அதற்கு முந்தைய வருடங்களில் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் லயத்தில் பேச்சு நின்றுவிடும். அதைப் பார்த்துக் கை காட்டலாம் என்ற எண்ணமே எங்களுக்கு அப்போதுதான் வந்தது. எங்கள் டவுன் பாடசாலையில் விமானப் பயிற்சி அணிக்குப் பிள்ளைகளைச் சேர்த்தபோது நான் முதல் ஆளாகக் கை தூக்கியதற்கு ஆகாயத்தின் மேல் இருந்த ஆசை மட்டும் காரணமில்லை. அந்த நீலத் தொப்பியோடு பஸ்ஸில் போனால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்டு இறக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

முகாம் எனக்குப் பிடித்திருந்தது. விடிகாலையில் வரிசையில் நிற்பதெல்லாம் மற்றவர்களுக்குக் கஷ்டம். எனக்கு அது பழகிய விஷயம், தோட்டத்தில் தினமும் ஆறு மணிக்குப் பெரட்டுக்கு ஆள் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் அப்பா கங்காணி. யார் வந்தது, யார் வரவில்லை, யாருக்கு எந்த வேலை என்பதையெல்லாம் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார். முகாமில் அதே காரியத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்தார்கள், விசிலும் ஊதினார்கள்.

பகலில் வகுப்பு. கடதாசித் துண்டு ஒன்றை உதட்டுக்குக் கீழே பிடித்து மேலாக ஊதினால், தொங்கிய கடதாசி எழும்பி நிற்கும். விமானத்தின் இறக்கையும் அப்படித்தான் எழும்புகிறது என்று காட்டினார்கள். நாற்பது பெண்கள் ஒரே மண்டபத்தில் கன்னம் உப்ப ஊதினோம். புடவைக்கடைப் பெண் மட்டும் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டாள். இவளை ஹெலிகொப்டரில் ஏற்றுவதா என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடைசிப் பயிற்சி வியாழக்கிழமை காலையில். மலையில் ஒரு விமானம் விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பாகங்கள் என்று சாப்பாட்டுத் தட்டளவில் செம்மஞ்சள் பெயின்ட் அடித்த தகரங்கள் ஒவ்வோர் அணிக்கும் பத்து. ஓர் அணிக்கு ரப்பர் மலையில் ஒரு துண்டு நிலம், இரண்டு மணி நேரம். எங்கள் துண்டில் தகரங்களை ஒளித்து வைத்தவர் ஒரு வயதான சிங்கள சார்ஜன்ட். எப்போதும் வாயில் வெற்றிலை குதப்பிக்கொண்டிருப்பவர்.

விசில் ஊதியதும் மற்ற நான்கு அணிகளும் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடின. நான் ஓடவில்லை. புல் வெட்டுக்கு அப்பா ஆட்களை எப்படி விடுவாரோ அப்படியே விட்டேன். ஆளுக்கு இரண்டு நிரை, ரப்பர் மர வரிசைக்கு நடுவால் நேரே மேலே போக வேண்டும், பக்கத்து நிரையை எட்டிப் பார்க்கக் கூடாது. நான் பின்னால் நின்று குரல் கொடுத்தேன். புள்ளி போட வந்த அதிகாரி புத்தகத்தை மூடிவிட்டு, தலைவி என்றால் முன்னால் போக வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்டார். பின்னால் நின்றால்தானே சேர், யார் தூங்குகிறார்கள் என்று தெரியும் என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார்.

முதல் ஒரு மணி நேரத்தில் ஒன்பது தகரம் கிடைத்துவிட்டது. பத்தாவதை மட்டும் காணவில்லை. பார்த்தால், எல்லையோரத்துக் கடைசி நிரையில் புடவைக்கடைப் பெண் பாதி வழியில் உட்கார்ந்து, ஒரு காலுறையைக் கழற்றி உதறிக்கொண்டிருக்கிறாள்.

"எந்திரிச்சு இங்கயே நில்லு. மிச்ச நிரைய நா பாத்துக்கிறேன். ஒன்னய நம்புனா விடிஞ்சிரும்" என்று கத்திவிட்டு நானே ஏறினேன்.

நிரை முடிகிற இடத்தில் ஒரு கிழட்டுப் பலாமரம். அதன் அடியில் ஒரு கருங்கல். கல்லின் மேல் இரண்டு வெற்றிலை, ஒரு பாக்கு. வெற்றிலைக்குப் பின்னால் கல்லில் சாத்தி நிமிர்த்தி வைத்த ஒரு வட்டம், குங்குமமும் மஞ்சளும் கலந்த நிறத்தில்.

எல்லை காக்கும் முனிசாமி என்று நினைத்தேன். தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் மலையிலும் எல்லையில் ஒரு மரம், ஒரு கல், கல்லுக்குச் செந்தூரம், தகரத்தில் வெட்டி வைத்த சூலம். அதைக் கும்பிடாமல் ஒருவரும் மரத்தில் கத்தி வைக்கமாட்டார்கள். நான் சப்பாத்தைக் கழற்றினேன். அவசரத்தில் நாடா முடிச்சு விழுந்து, அதைப் பல்லால் இழுத்து அவிழ்த்தேன். பக்கத்தில் பூத்திருந்த ஒரு காட்டுப்பூவைப் பறித்துக் கல்லில் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டேன். "சாமி, அந்தப் பத்தாவது தகரம் எங்கருக்குன்னு காட்டிக் குடுத்துரு. நாளைக்கி நா ஹெலியில ஏறணும்."

கண்ணைத் திறந்து, சாமிக்கு முதுகு காட்டாமல் நாலடி பின்னால் நடந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேறு பக்கம் தேடப் போய்விட்டேன். மிச்சமிருந்த நேரம் முழுவதும் மற்ற ஏழு பேரையும் குருடிகள் என்று திட்டியபடியே தேடினேன்.

விசில் ஊதிவிட்டது. எங்களிடம் ஒன்பது. அந்தக் குறை யார் தலையிலாவது இறங்க வேண்டுமே. வரிசையில் நின்றபடியே சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, கடைசி நிரை இவளுடையது, இவள் அட்டை பார்த்துக்கொண்டிருந்ததால்தான் ஒன்று போயிற்று என்றேன். பாதி நிரை நான் பார்த்தது என்று சொல்லவில்லை. மறந்துபோயும் அல்ல. நாளைக்கு அவளைக் கீழே விடுவதற்கு அது நல்ல காரணமாக இருந்தது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

கண்டுபிடிக்காத தகரம் எங்கே இருந்தது என்று காட்ட, சார்ஜன்ட் எங்கள் எல்லோரையும் மேலே கூட்டிப் போனார். கடைசி நிரையில் திரும்பியபோதே நான் எல்லோருக்கும் பின்னால் போய்விட்டேன். அவர் பலாமரத்தடியில் போய் நின்று அந்தச் செந்தூர வட்டத்தைக் கையில் எடுத்தார். பின்பக்கம் வெள்ளைப் பெயின்டில் பத்து என்று எழுதியிருந்தது.

கல்லின் மேல் என் பூ இருந்தது.

அதிகாரி புடவைக்கடைப் பெண்ணிடம், "ஒரு பூவை வைக்கத் தெரிந்திருக்கிறது, தகரத்தை எடுக்கத் தெரியவில்லையா?" என்று கேட்டார். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்துவிட்டது. பாதியில் நிறுத்தப்பட்டவள் அவள், மேலே ஏறியது யார் என்று அவளுக்குத் தெரியும். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் ஒரு தடவையாவது என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன்.

"நான்தான் சேர்" என்றேன். "அவளைக் கீழேயே நிறுத்திவிட்டு நான்தான் வந்தேன். சாமி என்று நினைத்துக் கும்பிட்டேன்."

"என்ன கேட்டாய்?"

"பத்தாவது தகரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்."

அதிகாரி புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. பிள்ளைகள் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சார்ஜன்ட் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வெற்றிலை தாம் வைத்ததுதான் என்றார். பிள்ளைகள் பாம்பு பூச்சியில்லாமல் போய்வர வேண்டும் என்று அந்த இடத்துத் தெய்வத்திடம் கேட்டு வைத்தாராம். பிறகு தகரத்தை ஒளிக்க வேறு நல்ல இடம் தெரியவில்லையாம். "பிள்ளை கும்பிட்டதில் பிழையில்லை" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, என் பூ விழாமல் வெற்றிலையை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

ஓடிய அணிகளுக்கு ஆறும் ஏழும்தான் கிடைத்திருந்தன. ஒன்பதோடு நாங்களே முதலாவது. கீழே நிற்பவளின் பெயரைச் சொல் என்று அன்று பின்னேரம் அதிகாரி கேட்டார். என் பெயரைச் சொன்னேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அவள் பெயர் வாய்வரைக்கும் வந்தது, வெட்கம் விடவில்லை, அவ்வளவுதான். இரவு போர்வைக்குள் ஆத்திரம் ஆத்திரமாக அழுதேன்.

காலையில் ஹெலிகொப்டர் ஏழு பேரையும் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கமாகப் போனது. இருபது நிமிடத்தில் திரும்பி வந்தது. புடவைக்கடைப் பெண் இறங்கி நேரே என்னிடம் வந்தாள்.

"எங்க தோட்டம் தெரிஞ்சிச்சா?" என்றேன்.

"தெரியலக்கா. ஏறுனதுலருந்து எறங்குற வரைக்கும் நா கண்ணயே தொறக்கல."

அவளை அந்த இடத்திலேயே அறையலாம் போல இருந்தது. அதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் புல்லில் உட்கார்ந்து மிச்ச முறுக்கைத் தின்றோம்.

பின்னேரம் நான் தோட்டத்துக்கு வந்தபோது அம்மா லயத்து வாசலுக்கே ஓடிவந்தார். "பாத்தேன்டி! ஒம்பது மணிக்கே வந்துட்டியே! பால் வாளியக் கீழ வச்சிட்டு நாங்க இருவது பேரும் கை காட்டுனோம். ஒங்கப்பா தலப்பாகைய அவுத்து ஆட்டுனாரு. நீயும் கை காட்டுனதப் பாத்தேன்."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லயமே சந்தோஷமாக நின்றது. ஆனால் அந்த வாரத்துக்கு நான் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது. கல்லிலிருந்து கண் திறக்காதவள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா தலைப்பாகையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நா அவ்வளவு நேரம் அந்தப் புள்ளைக்கா கை காட்டுனேன்?"

"ஆமா."

"பயந்து போயிருந்திருப்பா பாவம்" என்றார் அம்மா. "அவளக் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?"