கடல் பக்கம் காட்டாத வகுப்பு

போன வாரம் லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பெண்மணி என் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்.

திருட்டு இல்லை. சந்தேகம்!

நான் பொன்னேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் காமர்ஸ் எடுப்பவள் என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். புயல் மழையில் எங்கள் கல்லூரிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. எல்லாரும் ஆன்லைனில் எடுங்கள் என்று உத்தரவு. எடுத்தேன். திரை முழுக்கக் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். முகம் கிடையாது.

"ரேவதி, இருக்கியாம்மா?"

"இருக்கேன் மேம்..." கூடவே காற்றின் இரைச்சல். அப்புறம் ஒன்றுமில்லை.

பெயரை உள்ளே விட்டுவிட்டு ஆள் தூங்கப் போய்விடுகிறதோ? அதிலும் இந்தக் குப்பத்துப் பிள்ளைகள் கேள்வி கேட்டால் மட்டும் காணாமல் போகிறார்கள். இறுதியாண்டு வேறு. அட்டெண்டன்ஸ் குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. மழை விட்டதும், நேரிலேயே போய்ப் பாடம் எடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்றும்தான்.

"மழை வந்தா கரண்ட் போயிடும் மேம். இந்த மாடிக்கு வந்தாதான் சிக்னல். கொட்டற மழைல எப்டி ஏர்றது?" என்றாள் ரேவதி. புயல் பாதுகாப்பு மையத்தின் மொட்டை மாடி அது.

"நான் மட்டும் தூங்கிட்டேன் மேம்" என்றான் சதீஷ். வாழ்க!

அந்த மாடியிலேயே உட்கார வைத்தேன். பாடத்துக்கு முன்னால் ஒரு போட்டோ. எங்கள் பிரின்சிபாலின் நிபந்தனை. வெளியே வகுப்பு எடுத்தால், இடமும் நேரமும் பதிவான படம் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வகுப்பே நடக்கவில்லை என்று அர்த்தம். பிள்ளைகள், பின்னால் வீடுகள், படகுகள், கடல்... கிளிக். படத்தின் மூலையில் குட்டியாக ஒரு மேப் வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் போன் பறிபோனது.

"இன்னா இது? மேப்பு எதுக்கு வருது?"

ரேவதியின் அம்மா தேசம்மா. மாடியின் மறுகோடியில் கருவாட்டுக்கு மீன் காய வைத்துக்கொண்டிருந்தவர்.

"நான் காலேஜ் டீச்சர்மா..."

"போன தபா வந்தவனும் இப்டித்தான் ஒயுங்கா பேசினான். மீனைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னான். டீ கூட போட்டுக் குடுத்தோம். அப்பால பார்த்தா, எங்க கரைய காலி எடம்னு மேப்புல போட்டு வெச்சிக்கீறான். நாங்க இருக்கற எடம் காலி எடமா?"

"எம்மா, எங்க மேம்மா! வுடும்மா!" ரேவதிக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

"உனுக்கு மேம். எனுக்கு யாரு?"

நியாயமான கேள்வி. கீழே வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்களும் ஏறி வந்து சூழ்ந்துகொண்டார்கள். போனைத் திருப்பிக் கொடுத்து, படத்தை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். பயத்தில்தான்... மறைப்பானேன்?

"போட்டோ இல்லன்னா பாடம் வராதா?" என்றார் தேசம்மா.

"பாடம் வரும். உங்க பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் வராது."

அவர் முகம் மாறியது. மகளை ஒரு முறை பார்த்தார். "அப்ப உங்க பெரிய சாருக்குப் போன் போடு. நாங்களும் கேக்கற மாதிரி பேசு."

ஸ்பீக்கரில் போட்டேன். "சார், குப்பத்துல கிளாஸ் எடுக்கறேன். போட்டோ எடுக்க ஊர்க்காரங்க ஒத்துக்கல."

"மேடம்... நீங்க நெஜமாவே அங்கதான் இருக்கீங்களா?"

மாடி மொத்தத்துக்கும் கேட்டது. எனக்குக் காது சுட்டது. தேசம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா... உன்னையும் நம்ப மாட்றாங்களா?"

அந்த 'உன்னையும்'தான் நிலைமையை மாற்றியது. போன் பக்கம் குனிந்தார். "சார், நா ரேவதி அம்மா பேசறேன். டீச்சரம்மா இங்கதான் கீறாங்க."

"நீங்க யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதையேதான் சார் நா இவங்கள கேட்டேன்!"

எல்லாரும் சிரித்தோம். பிரின்சிபால் சிரிக்கவில்லை. வீடியோ காலில் காட்டச் சொன்னார். தேசம்மா சம்மதித்தார், போன் தன் கையில்தான் இருக்கும் என்ற கண்டிப்போடு. பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரை ஒட்டி நிற்க வைத்து, முகம் முகமாகக் காட்டினார். கடைசியில் என்னையும்.

"பின்பக்கம் என்ன இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க" என்றார் பிரின்சிபால்.

"அத்த மட்டும் காட்ட மாட்டேன் சார்."

வேண்டாவெறுப்பாக அட்டெண்டன்ஸ் கொடுத்தார். பாடம் எடுத்தேன். தேசம்மா மீனைப் புரட்டிப் போட்டபடி கடைசி வரை நகரவில்லை. முடிந்ததும் பக்கத்தில் வந்தார்.

"நீ சொன்னது பாதி புரில. ஆனா சர்வேக்காரன் இவ்ளோ நேரம் தொண்டை கிழிய கத்த மாட்டான்."

இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

பேரிடர்க் காலத்தில் ஆசிரியர்கள் எப்படி மாற வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி நடத்துகிறார்கள். புதுப்புது ஆப் சொல்லித்தருகிறார்கள். சரி, யாரும் யாரையும் நம்பாத இடத்தில் நின்று பாடம் எடுப்பது எப்படி? நான் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டேன். தேசம்மா என்னை. பிரின்சிபால் எங்கள் எல்லாரையும். அவரைச் சந்தேகப்பட மேலே ஒருவர் இல்லாமலா போய்விடுவார்?

இந்த வாரமும் போனேன். தேசம்மா என் ஐடி கார்டைக் கேட்டு வாங்கினார். படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல சின்னப் பொண்ணா கீற... நெஜமா நீதானா?"

நம்பிக்கை வரட்டும், அப்புறம் தொடங்கலாம் என்று காத்திருந்தால் செமஸ்டரே முடிந்துவிடும் – சந்தேகத்தோடேயே தொடங்கிவிடுங்கள்!