சிம்ராவின் மெட்டு

சிந்தாதிரிப்பேட்டையில் ஆட்டோக்களுக்கு சீட் கவர் தைக்கும் இனாயத்துக்கு ஒரே மகள், சிம்ரா. கல்லூரியில் படித்துக்கொண்டே பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, மொட்டைமாடியில் நின்று பாடி, இணையத்தில் தன் சேனலில் போடுவாள். பின்னால் காயும் துணியெல்லாம் அப்படியே தெரியும். பார்ப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்தொன்பது வயதில் டெங்கு வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த வருட டிசம்பர் புயலில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் அவளுடைய போனும் ஊறிப் பாழானது. மகளின் குரல் மிச்சமிருந்தது சேனலில் மட்டும்தான். அவள் அம்மா வஜீஹா, மகள் முன்பே தன் சேனல் கணக்கைத் திறந்து கொடுத்திருந்த தன் போனை அடுப்படியில் சாய்த்து வைத்து, சோறு வடிக்கும்போதெல்லாம் கேட்பாள்.

அடுத்த வருடம் ஒரு சினிமாப் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. டீக்கடையில் அதைக் கேட்ட இனாயத் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். வரிகள் வேறு. மெட்டு சிம்ராவுடையது. சரணத்துக்கு முன்னால் அவள் மூக்கால் இழுக்கும் ஹம்மிங்கூட அப்படியே இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து சொன்னார். இருவரும் அழுதார்கள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெருமை நிலைக்கவில்லை. அந்த மெட்டின் காப்புரிமை தங்களுடையது என்று ஓர் ஆடியோ நிறுவனம் சேனலுக்கு அறிவிப்பு அனுப்பியது. 'இது என் மகள் போட்ட மெட்டு' என்று இனாயத் ஆட்சேபித்தார். அந்த மெட்டை சிம்ரா மூன்று விதமாகப் பாடிப் போட்டிருந்தாள். நிறுவனம் மூன்றின் மேலும் தனித்தனியாகப் புகார் கொடுத்தது. தளத்தின் விதிப்படி மூன்று புகார் சேர்ந்ததும் சேனலே மூடப்பட்டது. மற்றப் பாட்டுகளும் அதோடு போயின.

இனாயத் மயிலாப்பூரில் நீரஜா என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தார்.

"பாய், பாட்டு உங்க பொண்ணோடதுதான், எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அவ எப்போ போட்டாள்னு காட்டற ஆதாரம் அந்தச் சேனல்லதானே இருக்கு? கோர்ட் மூலமா கேட்டு வாங்கலாம். வருஷக்கணக்கா ஆகும்."

அதற்குள் நிறுவனம் சமரசம் பேச வந்தது. புகார்களைத் திரும்பப் பெறுவார்கள், சேனல் திரும்பக் கிடைக்கும். பதிலுக்கு, அந்த மெட்டு, படத்தின் இசையமைப்பாளர் முன்பே போட்டு வைத்திருந்தது, அதை எங்கேயோ கேட்டுத்தான் சிம்ரா பாடினாள் என்று இனாயத் எழுதிக் கொடுக்க வேண்டும். இனி எங்கேயும் மாற்றிப் பேசக் கூடாது.

"அவ திருடினான்னு நான் எழுதணும். அதானே மேடம்?"

"அப்படித்தான் அர்த்தம் ஆறது. சண்டை போடணும்னா நான் தயார். முடிவு நீங்கதான் எடுக்கணும்."

வீட்டில் வஜீஹாவிடம் சொன்னார். "முடியாதுன்னு சொல்லிட்டு வரப்போறேன். செத்த புள்ள மேல எவனாவது பழி போடுவானா?"

"நீங்க கேஸ் நடத்திக்கினு இருங்க. எனக்கு அவ கொரலு மறந்துக்கினே போவுது. நேத்து நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வர்ல. 'அம்மா'ன்னு எப்படிக் கூப்புடுவா? உங்களுக்கு ஞாபகம் கீதா? சொல்லுங்க."

இனாயத் 'அம்மா' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மகளின் குரல் அவருக்கும் வரவில்லை.

தி.நகரில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்து, "தேங்க்ஸ் சார்" என்றார்.

சேனல் திரும்ப வந்தது. ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே சிம்ரா எழுதியிருந்தாள்: 'வரிகள், மெட்டு, குரல்: நானே.' ஒப்பந்தப்படி, அந்த மூன்று வீடியோக்களில் அதை இனாயத்தே எடுக்க வேண்டும். வாக்கியத்தை மொத்தமாக எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்த இடத்தில் இசையமைப்பாளரின் பெயரைச் சேர்த்தார். படம் பார்த்துவிட்டு வந்த யாரோ கீழே எழுதினார்கள்: 'சினிமா ட்யூனை சுட்டு லைக் வாங்கப் பாக்குது பாரு.'

வஜீஹா மறுபடி அடுப்படியில் கேட்கத் தொடங்கினாள். பாட்டு ஆரம்பித்தால் இனாயத் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை செம்பியன் என்கிற டிரைவர் ஆட்டோவைக் கொண்டுவந்து விட்டார். ஸ்பீக்கரில் அந்த சினிமாப் பாட்டு ஓடியது. கிழிந்த சீட்டைக் கழற்றிக்கொண்டிருந்த இனாயத்திடம், "இன்னா மெட்டு பாய் இது! யாரு போட்டது, தெரியுமா?" என்று கேட்டார்.

"தெர்ல நைனா."

அன்று தொழுகை முடிந்து, மகளை அடக்கம் செய்த இடத்துக்குப் போனார். வாசல்வரை போனவர், உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார்.