வலிக்குதா என்று கேட்டேன்

சனிக்கிழமை காலை 6.40க்குக் கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூரில் பஸ் மாறி, தானா ராத்தாவில் இறங்கும்போது பிற்பகல் இரண்டரை ஆகிவிட்டது. பஸ் கட்டணம் நாற்பது ரிங்கிட். தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு மலை ஏறத் தொடங்கினால் அறுபது கிலோமீட்டருக்கு வளைவுதான். பக்கத்து இருக்கைப் பெண் இரண்டு முறை பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டாள். பன்னிரண்டு வருடமாக யோகா சொல்லித் தருகிறவள் நான். மூச்சைக் கவனித்துக்கொண்டு கெத்தாக உட்கார்ந்திருந்தேன். அவள் மூன்றாவது பையை எடுத்தபோது எனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கேமரன் மலைக்குப் போய்வந்தவர்கள் ஸ்ட்ராபெரியையும் குளிரையும் பற்றி எழுதுவார்கள். நான் போனது வேறு காரியமாக. கிள்ளானில் ஒரு சமூக மண்டபத்தில் வாரம் மூன்று நாள் வகுப்பு எடுக்கிறேன். நான்கு மாதத்துக்கு முன் புஷ்பா அக்கா என்ற மாணவி ஹலாசனம் செய்துகொண்டிருந்தார். மல்லாந்து படுத்து, காலைத் தூக்கி, தலைக்குப் பின்னால் தரையைத் தொட வேண்டும். அவருக்கு நான்கு அங்குலம் பாக்கி இருந்தது. "வலிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்" என்றார். அழுத்தினேன்.

மறுநாள் அவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மகள் போன் செய்து கேட்டபோது, "நான் கேட்டேனே, உங்கம்மாதானே இல்லைன்னாங்க" என்றேன். அதோடு புஷ்பா அக்கா வகுப்புக்கு வரவில்லை. என் மேல் தப்பில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லாததால்தான் அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது. எங்கே தவறினேன் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பத்து நாள் உயர்நிலை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மண்டபக் கமிட்டி சொல்லியிருந்தது.

தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங் ஐந்து கிலோமீட்டர். அதற்கு மேலே கியா பார்ம் தாண்டி, பயிற்சி நடக்கும் பங்களாவுக்கு எஸ்டேட் பாதை. வாடகைக் காருக்கு முப்பது ரிங்கிட் பேசினேன். ஓட்டுநர் பெயர் அந்தோணி. கியா பார்ம் காய்கறிக் கடைகளுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம்.

"சனிக்கிழமைல வந்தா இப்படித்தான் டீச்சர், ஜேம் லா. கேஎல் கார் பூரா முட்டைக்கோஸ் வாங்க வந்து நிக்குது."

"நான் டீச்சர்னு யாருண்ணே சொன்னா?"

"பாயைச் சுருட்டி வச்சிருக்கீங்களே! அந்த பங்களாவுக்கு யோகாக்காரங்கள நாந்தான் ஏத்திட்டுப் போறது. எங்க அக்கா ஸ்டெல்லா அங்கதான் சமைக்குது. இருவது வருஷம் மலையில கொழுந்து வெட்டுச்சு. மழையில நிக்கிற வேலை போனதே போதும், ஆண்டவரே."

பங்களா ஒரு காலத்தில் எஸ்டேட் துரை குடியிருந்தது. இப்போது பயிற்சிக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாங்கள் பதினான்கு பேர், அறைக்கு நான்கு கட்டில். எங்களுக்குக் கற்றுத் தர வந்தவர் கோலாலம்பூர்க்காரர்; அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். காலை ஐந்தரைக்குப் பல் கிடுகிடுக்கப் பிராணாயாமம். சாப்பாட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. இரண்டாம் நாள் நான் தட்டில் பூசணிக்காயை வெறித்துக்கொண்டிருந்ததை ஸ்டெல்லா பார்த்துவிட்டார். என் வயதுதான் இருக்கும், நாற்பத்தைந்து. சமையலறைக் கதவோரம் கூப்பிட்டு, ஒரு கரண்டி நெத்திலி சம்பலைச் சோற்றில் வைத்தார்.

"யோகாக்காரங்க இதெல்லாம் தொடக்கூடாதாமே. நீங்க தொடாம முழுங்கிருங்க" என்றார். பத்து நாளில் எனக்கு வயிறும் மனசும் சேர்ந்து நிறைந்தது அந்த ஒரு வேளைதான்.

மூன்றாம் நாள் காலை தேயிலைச் செடிகளுக்கு நடுவே எங்களை ஒற்றைக் காலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். விளம்பரத்துக்காம். கொழுந்து வெட்ட வந்த வங்காளதேசத் தொழிலாளர்கள் நாங்கள் நகரும்வரை கத்தரியோடு காத்து நின்றார்கள். வெட்டுகிற எடைக்குத்தான் அவர்களுக்குச் சம்பளம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

அன்று மாலை, பாதங்களைச் சேர்த்து வைத்து உட்காரும் பத்தகோணாசனம். என் முழங்கால்கள் தரையைத் தொடவில்லை. மாஸ்டர் வந்து என் இரண்டு தொடைகள் மேலும் தம் முழங்கால்களை ஏற்றினார். இடது இடுப்புக்குள் ஏதோ சுரீரென்று இழுத்தது. "வலிக்குதா?" என்றார். பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இல்லை மாஸ்டர்" என்றேன். "பார்த்தீர்களா, மனம்தான் தடை" என்று மற்றவர்களிடம் சொன்னார். அதற்குப் பிறகு மாடிப்படி ஏறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். குளிரில் மரத்துப்போயிருக்கிறது என்று அறைத் தோழிகளிடம் கதை விட்டேன்.

ஐந்தாம் நாள் உடற்கூறு வகுப்பு. இதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று கை தூக்கினேன். "வலிக்கவில்லை என்று மாணவர் சொல்லியும் காயம் பட்டுவிட்டால், தவறு எங்கே இருக்கிறது மாஸ்டர்?"

"நல்ல கேள்வி. கடைசி நாள் விரிவாகப் பேசுவோம்."

எட்டாம் நாள் கற்பித்தல் தேர்வு. ஆளுக்கு ஒரு மாணவரை வைத்து நாற்பது நிமிடம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மாணவர்களுக்கு எங்கே போவது? பங்களா மேனேஜர் துப்புரவுக்காரர், தோட்டக்காரர், அலுவலகப் பெண்கள் என்று எல்லாரையும் கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார். எனக்கு வாய்த்தவர் ஸ்டெல்லா. ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தார்.

"ஓம் எல்லாம் சொல்ல வேணாம் ஸ்டெல்லா. மூச்சு விட்டாப் போதும்."

"அதான் டீச்சர் பயந்துக்கிட்டே இருந்தேன். ஃபாதருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு" என்று சிரித்தார்.

முப்பது நிமிடம் நன்றாகப் போனது. பிறகு கோமுகாசனம். ஒரு கையைத் தோளுக்கு மேலாகவும் மற்றதை இடுப்புப் பக்கமிருந்தும் முதுகுக்குக் கொண்டுபோய் விரல்களைக் கோர்க்க வேண்டும். ஸ்டெல்லாவின் விரல்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. மாஸ்டர் மதிப்பெண் தாளோடு எங்கள் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அந்தச் சாணைக் குறைத்துவிட நினைத்தேன். வலக் கையைப் பிடித்து மெல்ல மேலே இழுத்தேன்.

"வலிக்குதா?"

"இல்ல டீச்சர்."

இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தோளுக்குள் ஒரு சின்னச் சத்தம். ஸ்டெல்லாவின் கால் விரல்கள் பாயைக் கவ்வியிருந்தன. அதைப் பார்த்தேன், பார்த்தும் விடவில்லை. விரல் நுனிகள் தொட்டன. மாஸ்டர் தலையசைத்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதாம் நாள் காலை உணவுக்கு ரொட்டியும் ஜாமும் வந்தன. சமையல்காரர் வரவில்லை என்றார்கள். மதிய இடைவேளையில் விசாரித்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி, இருபது நிமிடம் சரிவில் இறங்கி தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்குப் போனேன். ஸ்டெல்லா வலக் கையைத் துண்டால் கழுத்தோடு கட்டிக்கொண்டு, இடக் கையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போடப் பார்த்தார்.

"ஏன் ஸ்டெல்லா சொல்லல? வலிக்குதான்னு கேட்டேனே" என்றேன். கேட்டு முடிக்கும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. புஷ்பா அக்காவின் மகளிடம் பேசிய அதே குரல்.

"நீங்க கேட்டீங்க டீச்சர். மலையில கங்காணியும் தினம் கேப்பாரு, தோளு வலிக்குதான்னு. ஆமான்னு சொன்னா மறுநா நர்சரியில நாத்துக்கு மண் பை ரொப்ப அனுப்பிருவாரு. அங்க கிலோ கணக்கு கிடையாது, சம்பளம் பாதிதான். எங்கம்மா எனக்கு முதல்ல சொல்லிக் குடுத்ததே அதான். யாரு நின்னுக்கிட்டுக் கேட்டாலும் இல்லன்னு சொல்லிரு. இருவது வருஷம் கத்தரி புடிச்ச தோளு இது. எப்பவுமே வலிதான்."

"கிளினிக் போனீங்களா?"

"போனேன். டாக்டர் பத்து நா எம்சி லீவு குடுத்தாரு. மேனேஜர்கிட்ட ரெண்டு நாதான் சொல்லியிருக்கேன். கையி ஆகாதுன்னு தெரிஞ்சா வேற ஆள் போட்டுருவாங்க. இந்த வீடு வேலையோட சேர்ந்தது, டீச்சர்."

நிற்கிறவர் கேட்டால் இல்லை என்பது. எனக்கும் யாரோ ஒருத்தி அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என் அம்மாவும் கோலசிலாங்கூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். புஷ்பா அக்காவும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பன்னிரண்டு வருடமாக நான் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன், அவர்கள் படுத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வந்து மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். "கேட்டீர்களா?" என்றார். கேட்டேன் என்றேன். "என்ன சொன்னார்?" இல்லை என்றார் என்றேன். "பிறகென்ன? உங்கள் பொறுப்பு அங்கே முடிந்தது." நான் நான்கு மாதமாகச் சொல்லி வந்த அதே பதில். அது எவ்வளவு கேவலமான பதில் என்று, இன்னொருவர் வாயில் கேட்டபோதுதான் தெரிந்தது.

பத்தாம் நாள் காலை சான்றிதழ் வழங்கினார்கள். அதற்கு முன் ஒரு படிவம் பாக்கி: பாடம் கற்றவர் பூர்த்தி செய்து கையெழுத்திட வேண்டும். மேனேஜர் ஆள் அனுப்பி ஸ்டெல்லாவை வரவழைத்திருந்தார். துண்டைக் கழற்றிவிட்டு, கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்தபடி வந்தார். ஐந்தாவது கேள்வி: பயிற்சியின்போது வலி ஏற்பட்டதா? மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

'ஆம்' என்று விழுந்தால் என் சான்றிதழ் போகும். அவர் வேலையும் போகலாம். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று இப்போதுகூடச் சொல்லிப் பார்க்கிறேன். பொய். எனக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். ஸ்டெல்லா இடக் கையால் பேனாவைப் பிடித்து, 'இல்லை' என்ற கட்டத்தில் கோணலாக ஒரு குறி போட்டார். தாளை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போதும் அந்தோணியின் கார்தான். கியா பார்மில் நெரிசல் இல்லை. தானா ராத்தாவில் ஐம்பது ரிங்கிட் நோட்டை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன். இருபது ரிங்கிட்டை எண்ணி என் பையின் மேல் வைத்துவிட்டுக் காரை எடுத்தார். என் கேள்விக்கு மாஸ்டர் கடைசி நாளும் பதில் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

கிள்ளானில் வெயில் கொளுத்தியது. சான்றிதழைக் கமிட்டி கண்ணாடிச் சட்டம் போட்டு மண்டபத்தில் மாட்டிவிட்டது. அடுத்த ஞாயிறு ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு புஷ்பா அக்கா வீட்டுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனேன். வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடி, பழக்கதோஷம், "கழுத்து இன்னும் வலிக்குதா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கக் கழுத்தைத் திருப்பவில்லை. உடம்பு முழுவதையும் திருப்பினார்.

"இல்ல டீச்சர். இப்ப ஒண்ணுமே இல்ல."