சந்தனப் பொட்டு வைத்த பேட்டரி

சந்தன வாசம் வந்தால் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வரும். எனக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்...

சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். படிப்பு முடித்து நான் சேர்ந்த முதல் வேலை. வாசலில் ஓயாமல் ஏர் ஹாரன், டீசல் வாடை, எவ்வளவு துடைத்தாலும் மேஜை மேல் தூசி. அந்தத் தூசிக்கு நடுவே பழுப்பேறிய ஒரு பழைய கம்ப்யூட்டர். முதலாளி வீட்டம்மா அதற்குப் பூப்போட்ட துணியில் உறை வேறு தைத்துக் கொடுத்திருந்தார்.

லோடு ரசீது அடிப்பதுதான் என் வேலை. கொஞ்ச நாளாகவே அந்தக் கம்ப்யூட்டர் தேதியை மறந்துகொண்டிருந்தது. தினமும் காலையில் ஆன் செய்தால், நான் பிறப்பதற்கு முந்தைய வருஷத்தைக் காட்டும்!

"உள்ள ஒரு ரூவாக் காசு அளவுக்கு பேட்டரி இருக்குதுங்க. அத மாத்தோணுமுங்க" என்றேன் முதலாளியிடம்.

"மாத்து அம்மிணி. ஆனா இதுக்கு மேலயும் இது படுத்துக்கிச்சுன்னா, பழையபடி பில் புக்குக்கே போயிக்கலாம். உனக்கும் ஊட்ல மாப்பள பாக்கறாங்கல்ல..."

கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கம்ப்யூட்டர் போனால் நானும் வீட்டுக்குத்தான். அப்பா அதற்குத்தான் காத்திருந்தார்.

வாட்ச் கடையில் புது பேட்டரி வாங்கி வந்தேன். போடப் போகும்போது முதலாளி கையை நீட்டித் தடுத்தார். "இரு சாமி, அப்படியே போட்டுருவியா?"

லாரிக்குப் புது பேட்டரி போட்டால் பொட்டு வைத்து, சூடம் காட்டித்தான் வண்டியை எடுப்பார்கள். அதே மரியாதை இதற்கும் நடந்தது. காசளவு பேட்டரிக்கு முன்பக்கம் ஒரு சந்தனப் பொட்டு, பின்பக்கம் ஒன்று, மேலே குங்குமம். பழைய பேட்டரியைக் கம்ப்யூட்டருக்கு மூன்று சுற்று சுற்றித் திருஷ்டி கழித்து ரோட்டில் வீசிவிட்டார். நானும் பயபக்தியோடு புதியதை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. ஒற்றை வரி இங்கிலீஷ். அவ்வளவுதான், அதற்கு மேல் நகரவில்லை. பழைய பேட்டரியோடு தேதியை மட்டும்தான் மறந்திருந்தது. இப்போது தன்னையே மறந்துவிட்டது.

அணைத்தேன், போட்டேன். ஒயரையெல்லாம் பிடுங்கி மாட்டினேன். ரசீதுக்கு நின்ற டிரைவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

"நாலு பேரு சேந்து தள்ளிப் பாக்கலாமுங்களா?"

"பேட்டரி டெர்மினல்ல உப்பு பூத்திருக்குமுங்க. சுடுதண்ணி ஊத்துங்க, கப்புனு புடிச்சுக்கும்."

ஐயையோ என்று நான் கம்ப்யூட்டரை மறைத்துக்கொண்டு நின்றேன். முதலாளி அலமாரியில் பில் புக்கைத் தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

உப்பு பூத்திருக்கும் என்றார்களே... புது பேட்டரியில் எங்கே பூக்கும் என்று நினைத்தபடியே அதைக் கழற்றினேன். விரலில் சந்தன வாசம்! இரண்டு பக்கமும் பொட்டு நன்றாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. கரண்ட் எப்படிப் போகும்?

துப்பட்டா நுனியை எடுத்தேன்.

"அம்மிணி!" முதலாளி குரல் உயர்ந்தது. "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வச்ச பொட்ட அழிக்கறதா?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அழிக்கலீங்க... எடந்தான் மாத்தறேனுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, பேட்டரியைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் இரண்டு மூன்று தடவை இங்கிலீஷில் ஏதேதோ கேட்டது. பதில் சொன்னேன். கரகரவென்று சத்தம்... திரையில் வெளிச்சம்! வாசலில் ஒரு டிரைவர் சந்தோஷத்தில் ஹாரனே அடித்துவிட்டார். பில் புக் அலமாரிக்குத் திரும்பிப் போனது.

அப்புறம் எனக்கு நாமக்கல்லில் மாப்பிள்ளை அமைந்தது. வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்று பேச்சு. அப்பாவும் நானும் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனபோது, முதலாளி எங்கள் முன்னாலேயே நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினார். வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"நிறுத்தலீங்க... எடந்தான் மாத்தறேனுங்க."

இன்று வரைக்கும் நான் வேலையில்தான் இருக்கிறேன்.

போன வாரம் என் லேப்டாப்பில் பேட்டரி மாற்றினேன். கடைப் பையன் பத்து நிமிஷத்தில் மாட்டிக் கொடுத்தான். முதல் தட்டிலேயே ஆன் ஆனது. நல்ல விஷயம்தான். ஆனால் தள்ளிப் பார்க்கலாமா என்று கேட்க ஒருத்தருமில்லை, ஹாரன் அடிக்கவும் ஆளில்லை. முதலாளி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப் மூடியில் சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு வைத்தேன்.

"என்னம்மா அழுக்கு இது? தொடச்சிரட்டா?" என்று மகள் துணியோடு வந்தாள்.

"தொடச்சிராத சாமி" என்றேன். "எடஞ்சலா இருந்தாச் சொல்லு, எடம் மாத்திக்கலாம்."